சோடாபுட்டிக்காரனோட பிலிம் கேமரா அனுபவம்: 50, 28, 105, அப்புறம் ஒரு ரேஞ்ச்ஃபைண்டர்

எனக்கு வலது கண்ணு மைனஸ் மூணரை, கூடவே சிலிண்டர் பவரும் உண்டு. இத எதுக்கு முதல்லயே சொல்றேன்னா, பழைய லென்ஸ் பத்தி எழுதுறவங்க ஷார்ப்பா இருக்கா, பொக்கே (பின்னாடி மங்கலா தெரியுறது) எப்படினு பக்கம் பக்கமா எழுதுவாங்க, ஆனா கண்ண வெச்சுப் பாக்குற அந்த ஓட்டைய, அதாவது ஃபைண்டர பத்தி ஒரு வரி இருக்காது. ஆறு வருஷமா பிலிம்ல எடுக்குறேன், எந்த லென்ஸ் கேமராவுலயே கெடக்குது எது பைக்குள்ள தூங்குதுனு முடிவு பண்றது என் விஷயத்துல அந்த ஓட்டைதான்.

கையில இருக்குறது நிக்கான் எஃப்எம்2, லென்ஸ் வழியாவே பாக்குற எஸ்எல்ஆர் கேமரா, அதுக்கு 50 எம்எம் 1.8, 28 எம்எம் 2.8, 105 எம்எம் 2.5 (எம்எம் கூடுனா பெருசா தெரியும், குறைஞ்சா நிறைய அடங்கும்; ரெண்டாவது நம்பர் அப்பெர்ச்சர், லென்ஸ் எவ்வளவு திறக்கும்னு, நம்பர் சின்னதுனா திறப்பு பெருசு). தனியா ஒரு கேனான் கேனோனெட் கியூஎல்17 ஜி3, 1972ல வந்த ரேஞ்ச்ஃபைண்டர் (தனி ஜன்னல் வழியா பாக்குற வகை), அதுல 40 எம்எம் 1.7 லென்ஸ் கழட்ட முடியாம ஒட்டியே இருக்கும். எல்லாமே செகண்ட் ஹேண்ட்தான்.

முதல்ல 50. நான் ஆரம்பத்துல 1.4 தான் வாங்குனேன், நம்பர் சின்னதா இருந்தா பெரிய லென்ஸுனு ஒரு நெனப்பு. வித்தவர் "சுத்தமா இருக்கு சார்"னு சொன்னாரு, வீட்டுக்கு வந்து டார்ச் அடிச்சுப் பாத்தா உள்ள சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. கிளீன் பண்ண குடுத்த காசுல ரெண்டு ரோல் வாங்கியிருக்கலாம். சரி, அதுக்கப்புறமாச்சும் நல்லா இருந்துச்சான்னா, முழுசா திறந்து எடுத்தா எல்லாத்துலயும் ஒரு பனி படிஞ்ச மாதிரி, 2.8க்கு வந்தாதான் தெளியும். 1.8க்கும் 1.4க்கும் வித்தியாசம் முக்கால் ஸ்டாப்பு கூட முழுசா கிடையாது (ஒரு ஸ்டாப்புன்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு). வித்துட்டு 1.8 வாங்குனேன், ஒரு நாள் கூட வருத்தப்படல.

ஆனா பெரிய அப்பெர்ச்சர்னால ஒரு நல்லது இருக்கு, அது படத்துல இல்ல, ஃபைண்டர்ல. எஸ்எல்ஆர்ல நம்ம பாக்குற வெளிச்சம் லென்ஸ் வழியா, அதுவும் முழுசா திறந்த நெலமையிலதான் வருது, பட்டன அமுக்கும்போதுதான் நம்ம வெச்ச நம்பருக்கு மூடும். அதனால 1.8 லென்ஸ் போட்டா உள்ள பளிச்சுனு இருக்கும், 5.6ல திறக்குற ஜூம் போட்டா சாயங்காலத்துல இருட்டுக் கெணத்த எட்டிப் பாத்த மாதிரி இருக்கும், ஃபோகஸ் பாக்க நடுவுல இருக்குற ஸ்பிளிட் வட்டத்துல பாதி கருப்பா அடைச்சுக்கும். பிரைம் லென்ஸ் (ஜூம் ஆகாத லென்ஸ்) ஏன்னு கேக்குறவங்களுக்கு நான் சொல்ற முதல் காரணமே இதான், ஷார்ப்னஸ் எல்லாம் ரெண்டாவது.

காசிமேடு கதை ஒண்ணு. விடியக்காலைல ஏலம் நடக்குற நேரம், ஹெச்பி5 கருப்பு வெள்ளை பிலிம், 50 போட்டிருக்கேன். ஒரு அக்கா கூடைக்கு முன்னாடி உக்காந்து வவ்வால் மீன அடுக்கிட்டு இருந்தாங்க. எஃப்எம்2 ஸ்கிரீன்ல நடு வட்டம் படுக்கையா ரெண்டா பிரிஞ்சிருக்கும், நேரா நிக்கிற கோடு எதாவது அதுல பட்டா மேல பாதி கீழ பாதி வெலகித் தெரியும், லென்ஸ திருப்பி ரெண்டையும் சேத்தா ஃபோகஸ். ஆனா மீனு படுத்துக்கிட்டு இருக்கு, கூடை விளிம்பும் படுக்கைக் கோடு, சேலை பார்டரும் அந்த நேரம் பாத்து படுக்கையாவே இருக்கு, எதை வெச்சு சேக்குறது? கேமராவ லேசா சாய்ச்சு, கூடைல தொங்குன கயித்த புடிச்சு சேத்துட்டு, மறுபடி நேராக்கி எடுத்தேன். அதுக்குள்ள அக்கா "இன்னாபா, மீனு வாங்குறியா இல்லயா"னு கேட்டுட்டாங்க. வாங்குனேன், வேற வழி? இருட்டுலயும் வெளிச்சம் அளக்குற மீட்டர் மட்டும் பிரச்சனை இல்ல, உள்ள சிவப்பு பிளஸ், ஜீரோ, மைனஸ் எரியும். அப்பெர்ச்சர் நம்பர் மட்டும் வெளிய இருந்து வெளிச்சம் பட்டாதான் தெரியும், அது தெரியாது, ரிங்க கையால எண்ணிக்க வேண்டியதுதான்.

28 விஷயம் எனக்கு சோகம். லென்ஸா பாத்தா தங்கம், 20 சென்டிமீட்டர் வரைக்கும் கிட்டப் போகலாம், கிட்டப் போனாலும் தரம் கெடாம இருக்க உள்ள தனி ஏற்பாடே இருக்கு. ஆனா வைடு லென்ஸ்ல எல்லாமே குட்டி குட்டியா தெரியுதா, ஸ்பிளிட் வட்டத்துல கோடு சேந்துச்சா சேரலையானே தெரியாது. அதோட கண்ணாடி போட்டவன் கண்ணு ஐபீஸ்ல (ஃபைண்டர்ல கண்ண வெக்கிற எடம்) இருந்து தள்ளி நிக்கும், நாலு மூலையும் ஒரே நேரத்துல தெரியாது, வைடு லென்ஸ்ல மூலை தெரியலன்னா அப்புறம் என்ன கம்போஸ் பண்றது. கடைசில ஃபைண்டர்ல ஃபோகஸ் பண்றதையே விட்டுட்டேன். அப்பெர்ச்சர 8ல வெச்சு ஃபோகஸ மூணேகால் மீட்டர்ல நிறுத்திட்டா ஒண்ணரை மீட்டர் தாண்டி ஆரம்பிச்சு தூரம் வரைக்கும் எல்லாம் ஓகே. பகல்ல தெருவுக்கு இது போதும், ராத்திரிக்கு வேலைக்கு ஆகாது.

105 அதுக்கு நேர் எதிர். கோடு ரெண்டும் டக்குனு வந்து ஒட்டும், சந்தேகமே வராது. மூலை தெரியலன்னாலும் கவலை இல்ல, முகம் நடுவுலதான இருக்கு. ஸ்டீவ் மெக்கரி 1984ல எடுத்த, அடுத்த வருஷம் நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டைல வந்த அந்த ஆப்கன் பொண்ணு படம் எஃப்எம்2ல 105 2.5 போட்டு எடுத்ததுதான், அத படிச்சுட்டுதான் நானும் வாங்குனேன். எங்க பாட்டிய எடுத்து வெச்சிருக்கேன், கண்ணுல ஜன்னல் தெரியும். ஒரு மீட்டருக்கு கிட்டப் போக முடியாது, அது ஒண்ணுதான் குறை.

நடுவுல ரெண்டு மாசம் நண்பரோட நிக்கான் எஃப்3 ஹெச்பி கேமரா கையில இருந்துச்சு. அடடா. அந்த ஹெச்பி ஃபைண்டர் கண்ணாடிக்காரங்களுக்குனே செஞ்சது, கண்ண 25 எம்எம் தள்ளி வெச்சாலும் முழு சட்டமும் தெரியும், தெரியுறது நூத்துக்கு நூறு. எஃப்எம்2ல 93 சதவீதம்தான், மிச்சம் ஏழு சதவீதத்துலதான் எவனோ ஒருத்தன் முழங்கை, பிளாஸ்டிக் பக்கெட் கைப்பிடி எல்லாம் வந்து உக்காரும். ஆனா ஹெச்பில படம் கொஞ்சம் சின்னதா தெரியும், 50 போட்டா 0.75 மடங்கு, எஃப்எம்2ல 0.86. தள்ளி நின்னு பாக்குறதுக்கு அதான் விலை. லேப்ல ஸ்கேன் பண்ணும்போது ஓரத்த அவங்களே கொஞ்சம் வெட்டிடுறாங்க, அதனால 93க்காக நான் ரொம்ப அழுகுறது இல்ல.

கேனோனெட் வேற உலகம். லென்ஸ் வழியா பாக்கல, பக்கத்து ஜன்னல் வழியா பாக்குறோம், எல்லாமே எப்பவும் தெளிவா தெரியும், சட்டத்துக்கு வெளிய யாரு வர்றாங்கனும் தெரியும். அறுபத்துமூவர் அன்னைக்கு மயிலாப்பூர் மாட வீதில அந்தக் கூட்டத்துல இதான் காப்பாத்துச்சு, பல்லக்கு திரும்பறதுக்கு முன்னாடியே ஓரத்துல தெரிஞ்சுது. எஸ்எல்ஆர்ல உள்ள இருக்குற மிரர் மேல தூக்குற நொடி இருட்டாயிடும், இதுல எடுத்த நொடியையும் பாக்கலாம். மஞ்சள் ஃபில்டர் போட்டாலும் ஃபைண்டர் மஞ்சள் ஆகாது, மீட்டர் செல் ஃபில்டருக்கு உள்ளயே இருக்குறதால கணக்கும் போட வேண்டாம்.

கெடுதல் என்னன்னா, லென்ஸ் மூடி போட்டிருந்தாலும் ஃபைண்டர்ல ஜம்முனு தெரியும். ஆட்டோல இருந்தா வெளிச்சம் இல்லனு ஷட்டர் பூட்டிக்கும், நான் பெரிய இவன் மாதிரி மேனுவல்ல வெச்சு வெயில பாத்து கணக்கு போட்டு எடுத்தேன். பதினாலு ஃபிரேம் கருப்பு. ரோலு, டெவலப், ஸ்கேன் எல்லாம் சேத்து ஆயிரத்துக்கு மேல ஆகுது, கணக்கு போட்டுக்கங்க.

இன்னொண்ணு, அது கேக்குற 1.35 வோல்ட் மெர்க்குரி பேட்டரி இப்ப கிடையாது. 1.5 வோல்ட் போட்டா மீட்டர் வெளிச்சம் ஜாஸ்தினு நெனச்சுக்கிட்டு படத்த இருட்டாக்கும். காது மெஷின் கடைல கிடைக்குற 675 நம்பர் பேட்டரி 1.4 வோல்ட், சுத்தி ஒரு ரப்பர் வளையம் வெச்சா உக்காரும், ஸ்டிக்கர கிழிச்சா ரெண்டு மூணு மாசத்துல செத்துடும்.

பூஞ்சைக்கு மூடுற டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். நீலம் போய் ரோஸ் ஆனா வறுத்து எடுக்கணும், அதுக்கு தனி வாணலி வாங்கிக்கங்க, நான் அம்மாவோடத எடுத்து வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

இப்ப நெலமை: எஃப்எம்2ல 50 போனா 105, வெளிய சும்மா நடக்கப் போனா கேனோனெட். ஐபீஸ்ல மாட்டுற மைனஸ் மூணு கரெக்ஷன் லென்ஸ் ஒண்ணு தேடி வாங்கிப் பாத்தேன், சிலிண்டர் பவர அது சரி பண்ணாது, கண்ணாடிய கழட்டி கழட்டி மாட்டுறதும் தொல்லை, கழட்டி வெச்சுட்டேன். 28 தம்பிகிட்ட இருக்கு, அவன் கண்ணாடி போடல, ஜாலியா எடுத்துட்டு இருக்கான்.