முயல் சுத்தம் செய்ய: பட்டறைக் கத்தியா, ஸ்டீல் கத்தியா?

பண்ணை முயலுக்கும் காடைக்கும் 3 அங்குலக் கத்தி அலகு (வெட்டும் தகடு) போதும். அதற்கு மேல் நீண்டால் முனை எங்கே போகிறதென்று கைக்குப் பிடிபடாது. (காட்டு முயல் பக்கமே போகாதீர்கள், 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.)

திருநெல்வேலிப் பக்கம் கொல்லுப்பட்டறையில் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்துத் தரும் கத்திக்குச் சாணைக்கல்லில் சட்டென்று கூர் ஏறும். ரத்தத்தோடு போட்டு வைத்தால் காலையில் துரு. கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும்.

கடை ஸ்டீல் கத்தி லேசில் துருப்பிடிக்காது, பிளாஸ்டிக் பிடியைச் சோப்புப் போட்டுக் கழுவலாம். ஆனால் மலிவானது சீக்கிரம் மழுங்கும். மழுங்கியதை அழுத்தினால்தான் வம்பு: குடலோ மூத்திரப்பையோ கிழிந்து கறி நாறும். எந்தக் கத்தியானாலும் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, கூர் மேல்பக்கம் பார்க்க, நெஞ்செலும்பு வரை கீறுங்கள்.

எப்போதாவது ஒரு முயல் என்றால் ஸ்டீல். தினமும் அறுப்பவர்களுக்குப் பட்டறைக் கத்திதான்.