ஃபஸ் பெடல் கிட்: சரக்கு தரம், விளக்கத் தாள் வெறும் தாள்

கிட்டார் சத்தத்தை வேண்டுமென்றே சிதைத்து முரடாக்கும் ஃபஸ் பெடலை, ஃபஸ் ஃபேஸ் என்ற பழைய மாடலில் நாமே சால்டர் வைத்துச் செய்துகொள்ளும் கிட் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். விற்றவர் பெயர் வேண்டாம், இதே கிட்டை நாலைந்து பேர் வேறு வேறு பெயரில் விற்கிறார்கள். 1966-ல் லண்டனில் ஆர்பிட்டர் கம்பெனி கொண்டுவந்த அதே சர்க்யூட்தான்: 2 டிரான்சிஸ்டர், 4 ரெசிஸ்டர், 3 கெப்பாசிட்டர், திருக 2 குமிழ். இவ்வளவுதான் பாகம் என்பதால் தப்பாகப் போக வழியே இல்லை என்று தோன்றும்.

அலுமினிய டப்பா கனமாக இருக்கிறது, ஃபுட்சுவிட்சை மிதித்தால் 'டக்'கென்று உட்காருகிறது, போர்டும் சுத்தம். ஆனால் எல்லாம் பூட்டி ஆன் செய்தால் சத்தம் நோஞ்சானாக வருகிறது, கிட்டாரில் கார்டு (பல தந்தி சேர்த்து) அடித்தால் கரகரத்து அப்படியே அடங்கிவிடுகிறது. தாளில் இதற்கு இருக்கும் வைத்தியம், பேட்டரியைப் பார், சால்டரைப் பார். அவ்வளவே.

விஷயம் என்னவென்றால், போர்டில் அச்சடித்திருப்பது 2என்3904 என்ற டிரான்சிஸ்டருக்கான படம், பையில் போட்டிருப்பது பிசி547 என்ற வேறொன்று. தட்டையான பக்கம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால் முன்னதில் மூன்று கால்களும் இடமிருந்து எமிட்டர், பேஸ், கலெக்டர். பின்னதில் கலெக்டர், பேஸ், எமிட்டர். படத்தை நம்பி மாட்டினால் தலைகீழ்தான். அப்படி மாட்டினாலும் டிரான்சிஸ்டர் ஒரேயடியாகச் செத்துவிடாது, கெயின் (சிக்னலைப் பெருக்கும் திறன்) மட்டும் அடிமட்டத்துக்குப் போகும், அதனால்தான் சந்தேகமெல்லாம் சால்டர் மேலேயே போகிறது. விற்றவரிடம் கேட்டால் "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று பதில் வந்தது. நல்லா இருக்கு!

இரண்டையும் கழற்றித் திருப்பிப் போட்டதும் உயிர் வந்தது. அப்புறமும் ஏதோ அடைத்த மாதிரி இருக்கவே மல்டிமீட்டரை வைத்தேன்: இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 3.4 வோல்ட். 9 வோல்ட் பேட்டரிக்கு அங்கே 4.5 வாக்கில் இருக்க வேண்டும். கெயின் அதிகமுள்ள சிலிகான் டிரான்சிஸ்டருக்கு பழைய 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் கொஞ்சம் அதிகம், அதை எடுத்துவிட்டு ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் 10 கிலோ ஓம் ப்ரீசெட் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) ஒன்றைப் போட்டு, கிட்டாரை மீட்டிக்கொண்டே மெதுவாகத் திருகினால் ஓர் இடத்தில் நோட் அறுந்து விழாமல் நீண்டு கரைகிறது. அந்த ப்ரீசெட்டை கிட்டிலேயே போட்டுத் தந்தால் என்ன?

இப்போது சத்தம் அருமை. கிட்டாரில் வால்யூமைக் குறைத்தால் கிளீனாகிறது. அதற்கு இது கிட்டாருக்கு அடுத்தே இருக்க வேண்டும், முன்னால் பஃபர் (சிக்னல் பலமிழக்காமல் தாங்கும் சர்க்யூட்) உள்ள பெடல் எதையாவது வைத்தால் காதைக் கிழிக்கும்.

மல்டிமீட்டர் கையில் இருந்தால் தாராளமாக வாங்கலாம், இல்லையென்றால் ரெடிமேடாகவே வாங்கிவிடுங்கள். சிலிகானுக்குப் பதில் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்ட கிட்டும் விற்கிறார்கள், சென்னை வெயிலில் அதன் பயாஸ் (நான் திருகிச் சரிசெய்த அந்த வோல்ட் அளவு) நகர்ந்துகொண்டே இருக்கும், பெரும்பாலும் பாசிட்டிவ் கிரவுண்ட் (பேட்டரியின் பிளஸ் முனை கிரவுண்டில்) வேறு, மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோத்தால் ஷார்ட்தான்.