கேட்பதா, ஏவுவதா: ரெய்கி, 'கிறிஸ்தவ ரெய்கி', நோயிற்பூசுதல்

நியூ ஜெர்சியில் மகன் வீட்டோடு இருக்கும் என் சித்திக்குக் கீமோ நடந்துகொண்டிருந்தது. மூன்றாவது தடவை போனபோது, ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு தன்னார்வலப் பெண் வந்து, "ரெய்கி தரட்டுமா? காசு கிடையாது" என்று கேட்டிருக்கிறார். ரெய்கி என்பது கையை வைத்துக் குணமாக்குவதாகச் சொல்லும் ஒரு ஜப்பானிய வித்தை. சித்தியும் தலையாட்டிவிட்டார். அன்று ராத்திரி எனக்கு போன்.

"நல்லாத்தான் இருந்துச்சு யய்யா. கைய வச்சா, கதகதன்னு இருந்துச்சு, அப்படியே தூங்கிட்டேன். ஆனா கோயில்ல பக்கத்துல உக்காருத அம்மா, இது பாவம், சாமியார்ட்ட போயி பாவசங்கீர்த்தனம் பண்ணுன்னு சொல்லுதா. பாவமா யய்யா?"

பாவசங்கீர்த்தனம் என்றால் பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது. சித்தி தூத்துக்குடியில் பிறந்த கத்தோலிக்கர், ஜெபமாலை சொல்லாமல் படுக்காதவர். அவருக்கு ஒரு பதில் சொல்வதற்காகப் படிக்க ஆரம்பித்ததுதான் இது. அவர் முன்னால் உண்மையில் நான்கு வழிகள் இருந்தன: ரெய்கியை ரெய்கியாகவே ஏற்பது, இயேசுவின் பெயரைச் சேர்த்து ஏற்பது, திருச்சபை வைத்திருக்கும் எண்ணெயையும் ஜெபத்தையும் நாடுவது, எந்தத் தத்துவமும் இல்லாமல் ஒரு மனிதக் கையைப் பிடித்துக்கொள்வது.

முதலில் ரெய்கி. ஜப்பானில் மிக்காவோ உசுய் என்பவர் 1922-இல் கியோட்டோ அருகே குராமா மலையில் நோன்பிருந்து பெற்ற அனுபவத்திலிருந்து தொடங்கியதாகச் சொல்கிறார்கள். அவருடைய சீடர் சுஜிரோ ஹயாஷி. ஹயாஷியின் டோக்கியோ நிலையத்துக்கு 1935-இல் சிகிச்சைக்குப் போய், வித்தையையும் கற்றுக்கொண்டு ஹவாய்க்குக் கொண்டுவந்தவர் ஹவாயோ தகாதா. இன்று மேற்கில் பரவியிருக்கும் ரெய்கியில் பெரும்பகுதி இவர் வழி வந்ததுதான். பிரபஞ்ச உயிராற்றல் ஒன்று உண்டு, குரு கொடுக்கும் தீட்சையால் சீடரின் கை அதற்குக் குழாயாகிறது என்பது அடிப்படை.

இதில் ஒரு வேடிக்கை. தகாதா தம் மாணவர்களுக்குச் சொன்ன கதையில் உசுய் ஒரு கிறிஸ்தவர், கியோட்டோவின் தோஷிஷா கல்லூரியோடு தொடர்புடையவர், "இயேசு எப்படிக் குணமாக்கினார்?" என்று மாணவர்கள் கேட்டதால் தேடிப் புறப்பட்டவர். பிற்பாடு ஆராய்ந்தவர்களுக்கு அதற்கு எந்த ஆவணமும் கிடைக்கவில்லை. அமெரிக்கர்களிடம் ஒரு ஜப்பானியக் கலையை விற்க அப்படி ஒரு ஞானஸ்நானம் தேவைப்பட்டிருக்கலாம் என்று ஊகிக்கிறார்கள். ஆக, ரெய்கிக்குச் சிலுவை போட்டுவிடும் வேலை இன்று நேற்று தொடங்கியதல்ல.

அமெரிக்காவில் கத்தோலிக்க மருத்துவமனைகளிலும் தியான இல்லங்களிலும்கூட ரெய்கி நுழைந்துவிட்டிருந்தது. செய்தவர்களில் கன்னியாஸ்திரிகளும் உண்டு. 2009 மார்ச்சில் அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர் (பிஷப்) பேரவையின் கோட்பாட்டுக் குழு ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. அதன் வாதம் சுருக்கமாக இது. திருச்சபை இரண்டு வகைக் குணமாக்கலை அறியும்: இறையருளால் வருவது, இயற்கையின் ஆற்றலால் வருவது. ரெய்கிக்கு அறிவியல் சான்று இல்லை, எனவே இரண்டாவதில் சேராது. ஜெபமாக இல்லாமல் குருவிடமிருந்து கற்றுக்கொள்ளும் நுட்பமாக இருப்பதால் முதலாவதிலும் சேராது. இரண்டுக்கும் நடுவில் கிடப்பது மூடநம்பிக்கை. கத்தோலிக்க நிறுவனங்களோ, திருச்சபையின் பெயரால் பணியாற்றுகிறவர்களோ அதை ஊக்குவிப்பது பொருந்தாது.

இந்த வாதத்தின் ஒரு கால் எனக்கு நொண்டுவதாகப் படுகிறது. அறிவியல் சான்று இல்லை என்பது சரிதான். ரெய்கியின் உறவுமுறையான 'தெரப்யூடிக் டச்' (தொடாமலே கையால் உடலின் ஆற்றலை உணர்வதாகச் சொல்வது) வித்தைக்காரர்கள் 21 பேரை எமிலி ரோசா என்ற சிறுமி சோதித்தாள். திரைக்குப் பின்னால் அவர்களுடைய எந்தக் கைக்கு மேலே தன் கை இருக்கிறது என்று சொல்லச் சொன்னாள். 280 தடவையில் 123 சரி. காசைச் சுண்டிப் பார்த்திருந்தால் இன்னும் கொஞ்சம் மேலாக வந்திருக்கும். 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அது வெளியானபோது அவளுக்கு 11 வயது. ஆனால் அதே தராசில் ஜெபத்தையும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இதய பைபாஸ் செய்துகொண்ட 1802 பேரிடம் நடந்த ஆய்வு 2006-இல் வந்தது. தமக்காக ஜெபிக்கிறார்களா என்று தெரியாதவர்களில், ஜெபம் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் சிக்கல்களில் வித்தியாசமே இல்லை: 52, 51 சதவீதம். 'உமக்காகக் கட்டாயம் ஜெபிக்கிறார்கள்' என்று சொல்லப்பட்டவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல்!

அப்படியானால் ஆயர்களின் வாதத்தைத் தாங்குவது இரண்டாவது கால்தான். அது பலமான கால். ஜெபம் என்பது கேட்பது. கேட்கப்பட்டவர் தரலாம், தராமலும் போகலாம். நுட்பம் என்பது ஏவுவது. முறையாகச் செய்தால் பலன் வந்தாக வேண்டும். நம் ஊரில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தண்ணீர் மந்திரித்து வாங்கி வரும் பாட்டிகளுக்கும் (வேதக்கார, அதாவது கிறிஸ்தவப் பாட்டிகளும் உண்டு, எங்கள் வீட்டிலேயே உண்டு) இந்தப் பிரச்சினைதான். சாமியிடம் கேட்கிறோமா, சாமியை வேலை வாங்குகிறோமா?

இந்த இடத்தில்தான் 'கிறிஸ்தவ ரெய்கி' என்னிடம் தோற்கிறது. அதன் ஆதரவாளர்கள் கையில் எடுக்கும் வசனம் லூக்கா 8: பெரும்பாடுள்ள (ஓயாத இரத்தப்போக்குள்ள) பெண் ஆடையைத் தொட்டதும், தம்மிடமிருந்து வல்லமை வெளியேறியதை இயேசு உணர்கிறார். பாருங்கள், ஆற்றல் பாய்கிறதே என்பார்கள். கொஞ்சம் மயங்க வைக்கும் வசனம்தான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு அவர் சொல்வது, உன் நம்பிக்கை உன்னைக் குணமாக்கியது என்று. அவளை அமர வைத்து அந்த வல்லமையைக் கடத்தும் முறையைக் கற்றுக்கொடுக்கவில்லை. அப்படிக் கற்றுக்கொள்ள விரும்பிய ஒருவன் திருத்தூதர் பணிகள் 8-ஆம் அதிகாரத்தில் வருகிறான். சமாரியாவின் மந்திரக்காரன் சீமோன், கைகளை வைத்தால் ஆவி இறங்கும் அதிகாரத்துக்குப் பணம் நீட்டுகிறான். பேதுருவிடம் வாங்கிக்கட்டிக்கொள்கிறான். தகாதா மாஸ்டர் நிலைக்கு வாங்கிய கட்டணம் 10,000 டாலர் என்று படித்தபோது சீமோன் நினைவுக்கு வராமல் இல்லை.

ரெய்கியை ரெய்கியாகச் செய்கிறவரிடம் நேர்மை உண்டு. தன் நம்பிக்கை என்னவென்று அவருக்குத் தெரியும். சின்னங்களும் தீட்சையும் அப்படியே இருக்க, முன்னும் பின்னும் ஒரு பரலோக மந்திரத்தை ('எங்கள் பிதாவே' ஜெபத்தை) ஒட்டுவதால் இரண்டு பக்கத்துக்கும் நியாயம் செய்ததாகாது. ஜெபத்தைச் சேர்ப்பதால் அதன் இயல்பு மாறாது என்றுதான் 2009 ஆவணமும் சொல்கிறது.

திருச்சபையின் சொந்தச் சரக்கு எப்படி? யாக்கோபு 5:14-இல் மூப்பர்களை அழைக்கச் சொல்லி, எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லியிருக்கிறது. அதுதான் நோயிற்பூசுதல். பெரிய வியாழனையொட்டி ஆயர் மந்திரிக்கும் எண்ணெய், நெற்றியிலும் உள்ளங்கைகளிலும். அவ்வளவுதான். பலன் உத்தரவாதம் எதுவும் கிடையாது. அதிலும் திருச்சபை கைச்சுருக்கம்: பிரான்சின் லூர்து நகரில் 1858 முதல் பதிவான குணமடைதல்கள் ஆயிரக்கணக்கில், புதுமை (அற்புதம்) என்று ஏற்றவை எழுபதைச் சுற்றித்தான். தன் பிள்ளைகளிடமும் அதே கண்டிப்பு. குணமளிக்கும் ஜெபங்கள் பற்றி வத்திக்கான் 2000-இல் விடுத்த அறிவுரை, உணர்ச்சிவெறியும் நாடகத்தன்மையும் கூடாது என்கிறது. நம் ஊர் சுகமளிக்கும் கூட்டங்கள் சிலவற்றில் மைக் பிடிப்பவர்கள் அதை ஒருமுறை படிக்கலாம். சுயேச்சையாக நடக்கும் பெந்தெகொஸ்தே சபைகளில் இப்படி மேலே இருந்து சொல்ல ஒருவரும் இல்லை; அந்தந்தப் பாஸ்டரின் சொல்தான் முடிவு.

ஆனால் திருச்சபை தோற்கும் இடம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. நேரம். ரெய்கிக்காரர் அரைமணி, ஒரு மணி உட்கார்கிறார். பூசுதல் பத்து நிமிடத்தில் முடிகிறது. அதுவும் கூப்பிட ஆள் பயப்படுகிறது. சாகக் கிடப்பவருக்குத்தான் என்று நினைக்க வைக்கும் 'அவஸ்தைப் பூசுதல்' என்ற பழைய பெயர் அப்படி ஒட்டிக்கொண்டுவிட்டது. பெயரையும் சடங்கையும் மாற்றி ஐம்பது வருடத்துக்கு மேலாகிறது. இன்னும் சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு படியேறினால் தெருவே எட்டிப் பார்க்கிறது. நோயாளிக்கு வேண்டியது பக்கத்தில் ஒரு ஆள் என்றால், அந்த ஆளாக இருக்க ரெய்கிதான் முன்வந்திருக்கிறது.

சித்தியிடம் இரண்டு விஷயம் சொன்னேன். அந்த ஆவணம் அமெரிக்க ஆயர்களுடையது, நீங்கள் இருப்பது அவர்கள் எல்லைக்குள், ஆகவே காதில் வாங்கத்தான் வேண்டும். ஆனால் அது ரெய்கியில் நம்பிக்கை வைப்பவரைப் பற்றிப் பேசுகிறது; நீங்கள் நம்பிக்கை வைக்கவில்லை, தூங்கினீர்கள். மனசு உறுத்தினால் பாவசங்கீர்த்தனம் பண்ணுங்கள், அதில் நஷ்டமில்லை. அப்படியே பூசுதலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

"அவஸ்தைப் பூசுதலா? நான் என்ன சாகவா கெடக்கேன்?" என்று போனை வைத்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து, மகனை விட்டுப் பங்குத்தந்தையைக் கூப்பிட்டிருக்கிறார்.

அடுத்த கீமோவில் அதே தன்னார்வலப் பெண் வந்தாளாம். 'ரெய்கி வேண்டாம்மா, நான் ஜெபமாலை சொல்லுதேன், நீ சும்மா கையப் பிடிச்சுக்கிட்டு இரு' என்று மகனை விட்டு ஆங்கிலத்தில் சொல்ல வைத்திருக்கிறார். அந்தப் பெண்ணும் உட்கார்ந்திருக்கிறாள்.

"எப்படி இருந்துச்சு சித்தி?"

"அதே கதகதப்புத்தான் யய்யா. ஜெபமாலைல மூணாம் காரணிக்கத்துல தூங்கிட்டேன்."