இன்னோவேட் 18: யோசனைப் பெட்டியில் காசும் போட்ட கிராஸ்ரெயில்

லண்டனுக்கு அடியில் ரயில் பாதை அமைத்த கிராஸ்ரெயில் நிறுவனம், கட்டுமானத்துக்கான புது யோசனைகளைத் திரட்ட 2013-இல் தொடங்கிய ‘இன்னோவேட் 18’ திட்டத்தின் பலம் அதன் பண ஏற்பாடு. முதன்மை ஒப்பந்ததாரர்கள் போட்ட தொகைக்கு ஈடாகக் கட்டுவிக்கும் கிராஸ்ரெயிலும் போட்டு, ஒரு பொது நிதி உருவானது. கட்டுமானத் தளத்திலிருந்து யாரும் இணையவழி யோசனை அனுப்ப முடிந்தது. தேர்வானால் சோதனைக்குப் பணம் கிடைத்தது. சொந்தக் காசு உள்ளே இருப்பதால், போட்டி நிறுவனங்களும் ஒன்றின் சோதனை முடிவை மற்றொன்று கேட்டு வாங்கின. ஒப்பந்தத்தில் நாலு வரி எழுதி இதைச் சாதித்துவிட முடியாது.

குறை, காலம். முக்கியச் சுரங்க ஒப்பந்தங்கள் 2010-11-லேயே கையெழுத்தாகிவிட்டன. வடிவமைப்பும் விலையும் உறுதியான பின் வரும் யோசனை பெரும்பாலும் தளப் பாதுகாப்பு, வேலைமுறை போன்ற சிறு திருத்தங்களோடு நின்றுவிடும். பெரிய மாற்றம் வேண்டுமானால் டெண்டர் மதிப்பீட்டிலேயே அதற்கு மதிப்பெண் வைக்க வேண்டும். யோசனையால் மிச்சமாகும் பணம் யாருக்கு எவ்வளவு என்பதும் அப்போதே முடிவாக வேண்டும்.

இன்னொன்று: ஒரே ரயில் மூன்று சிக்னல் முறைகளில் ஓட வேண்டிய பாதை இது. அந்த ஒருங்கிணைப்புச் சிக்கலை யோசனைப் பெட்டி தீர்க்காது. 2018 டிசம்பரில் திறக்க வேண்டியது (பெயரிலுள்ள 18 அதுதான்) 2022 மே 24-இல் திறந்தது.

ஆனால் ரயில் திட்டத்தோடு இன்னோவேட் 18-இன் அனுபவமும் கலைந்துபோகாமல், 2016-இல் ‘ஐ3பி’ என்ற கட்டுமானத் துறைப் பொதுமேடையாகத் தொடர்ந்தது. அதற்காகவே 5-க்கு 4 மதிப்பெண்.