ரிவோல்வரா, தையல் மெசினா, பெற்றோல்மக்ஸா, மணிக்கூடா: திருகோணமலை வீட்டு மேசைக்கு எது சரி?

பழைய இரும்பைத் திருத்தும் காணொளிகளை ஒருமுறை பார்க்கத் தொடங்கினால் நேரம் போவது தெரியாது. துருக்கட்டியாக மேசைக்கு வரும் ஒரு ரிவோல்வர், அரை மணித்தியாலத்தில் நீலக்கருப்பாக மின்னிக்கொண்டு நிற்கும். இடையில் ஒரு பேச்சும் இருக்காது, அரம் உரஞ்சும் சத்தம் மட்டும்தான். பார்த்துவிட்டு "நாமும் வீட்டில் இப்படி ஒன்று செய்தால் என்ன?" என்று கேட்கிற பொடியன்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். 1957 வரை பிரித்தானியக் கடற்படை குந்தியிருந்த ஊர் இது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்ட ஊர். ஏதாவது ஒரு பெட்டியின் அடியில் வெள்ளைக்காரன் விட்டுப்போன வெப்லி ரிவோல்வர் ஒன்று கிடக்கும் என்ற கற்பனை இங்கே சுலபமாக வரும்.

அந்தக் கற்பனையை முதலில் முடித்துவிடுவோம். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி இலங்கையில் துப்பாக்கி வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும், அதை வருடாவருடம் புதுப்பிக்கவும் வேண்டும். 1996இல் திருத்தம் கொண்டுவந்து தண்டனையைக் கடுமையாக்கினார்கள். "துருப்பிடித்தது, வேலை செய்யாது, தாத்தாவுடையது" என்றெல்லாம் சொல்லித் தப்பலாம் என்று எண்ண வேண்டாம். போர் நடந்த மாவட்டத்தில், பொலிஸ் வாசலில் நின்று அந்த விளக்கத்தைச் சொல்வது எப்படியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சட்டம் ஒரு பக்கம் கிடக்கட்டும், வேலையாகப் பார்த்தாலும் இது பழகுகிறவனுக்கு உரியதல்ல. சுழலும் உருளை குழாயோடு மயிரிழை பிசகாமல் நேர்கோட்டில் வந்து நிற்க வேண்டும். தையல் மெசினில் பிசகு நேர்ந்தால் நூல் அறும். இங்கே பிசகினால் கை போகும். வளவு கொத்தும்போது அப்படி எதாவது கண்ணில் பட்டால் கையால் தொடாமல் 119க்கு அழையுங்கள். பார்க்க ஆசை என்றால் உட்துறைமுக வீதியில் கடல்சார், கடற்படை வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது.

சரி, அந்தக் காணொளியில் நம்மை இழுத்தது என்ன? துப்பாக்கி என்பதைவிட, இறுகிப்போன ஒரு பொறி மறுபடி அசைகிற அந்தக் கணம்தான். ஒன்றுக்குள் ஒன்று அமர்கிற பாகங்கள், ஸ்பிரிங், துருவுக்கு அடியில் ஒளிந்திருக்கும் இலக்கம். இவ்வளவும் இங்கே மூன்று பழைய சாமான்களில் கிடைக்கின்றன: சிங்கர் தையல் மெசின், பெற்றோல்மக்ஸ், சுவர் மணிக்கூடு. என் வாக்கு மெசினுக்குத்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சிங்கர் 1877இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. சீதனச் சாமானாக வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த பொருள். அதனால் உவர்மலையிலோ அலஸ்தோட்டத்திலோ ஒரு அம்மம்மா வீட்டு மூலையில், மேலே பூச்சாடி வைத்தபடி ஒன்று நிற்பது அதிசயமில்லை. மெசினின் இரும்பு அடித்தட்டில் பதித்த இலக்கத்தைப் பாருங்கள். எஃப், ஜே, வை போன்ற எழுத்தில் தொடங்கினால் அது ஸ்கொட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் செய்தது. அந்த ஆலை 1980இல் மூடப்பட்டது, அதன் மெசின்கள் இன்னும் தைக்கின்றன.

பெரும்பாலான மெசின்கள் "இறுகிப்போச்சு" என்று ஒதுக்கப்பட்டவைதான். உண்மையில் இறுகியது இரும்பு அல்ல, எண்ணெய். கைக்குக் கிடைத்த தேங்காய் எண்ணெயை விட்டிருப்பார்கள், அது வருடக்கணக்கில் பிசினாகிக் கிடக்கும். சக்கரத்தைப் பலம் போட்டுத் திருப்பவே கூடாது. எண்ணெய் விடும் துளை ஒவ்வொன்றிலும், உலோகம் உலோகத்தோடு உரசும் இடம் ஒவ்வொன்றிலும் மண்ணெண்ணெய்ச் சொட்டு விட்டு, இரவு முழுக்க அப்படியே விடுங்கள். மறுநாள் முற்றத்து வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் இரும்பு சூடேறிப் பிசின் இளகும். சக்கரம் முதலில் நெல்லளவு அசையும், பிறகு கால்வாசி, பிறகு ஒரு முழுச் சுற்று. ரிவோல்வர் காணொளி தராத சந்தோஷம் அது. அப்புறம் மண்ணெண்ணெய் முழுதும் வடிந்தபின் மெசின் எண்ணெய் விட வேண்டும். மண்ணெண்ணெய் கழுவத்தான், ஓட்டுவதற்கு அல்ல.

ஊசித்தட்டைக் கழற்றினால் கீழே துணியை நகர்த்தும் பற்களுக்கு இடையில் கம்பளி மாதிரித் தும்பு அடைந்திருக்கும். "துணி நகருதில்லை" என்ற முறைப்பாட்டில் பாதி இந்தத் தும்புதான். தையல் விடுபட்டு விழுந்தால் மெசினைக் குறை சொல்லுமுன் ஊசியைப் பாருங்கள். அதன் தட்டையான பக்கம் எந்தப் புறம் இருக்க வேண்டும் என்பது மொடலுக்கு மொடல் மாறும்.

கறுப்பு உடம்பின் மேலிருக்கும் பொன்னிறப் பூவேலைதான் பலர் கையில் கெடுவது. தெரிந்த மெசின் திருத்துகிற ஐயா ஒருவர் யாருடைய மெசினைப் பார்த்தாலும் முதலில் சொல்வது: "தம்பி, மினுக்கிறன் எண்டு உரஞ்சாதீங்க, பூ போனா திரும்ப வராது." ஸ்பிரிட் துணியால் துடைத்தால் மேலிருக்கும் அரக்குப் பூச்சே கரைந்து வந்துவிடும். மெசின் எண்ணெய் தொட்ட மெல்லிய துணி போதும்.

மெசினுக்கு இன்னொரு பலம் உதிரிப்பாகம். சிங்கரின் 15ஆம் வகுப்பு மொடலைப் பார்த்துத்தான் சீனாவின் பட்டர்ஃபிளை வந்தது, இந்தியாவின் உஷாவிலும் அந்த வகை இருக்கிறது. ஆகவே பொபின் (அடிநூல் உருளை), அதன் கூடு, ஊசி, தோல் பெல்ட் எல்லாம் சாதாரணக் கடையிலேயே கிடைக்கும். ஆனால் தோட்டா வடிவத்தில் அடிநூலைச் சுமக்கும் நீளமான ஷட்டில் ஓடும் மிகப் பழைய வகை என்றால் யோசியுங்கள். ஷட்டில் தொலைந்திருந்தால் தேடித் தேடியே களைத்துவிடுவீர்கள்.

பெற்றோல்மக்ஸின் கதை வேறு. பெர்லினில் மக்ஸ் கிரெட்ஸ் உருவாக்கிய விளக்கு, கலியாண வீடு முதல் கடற்கரை வரை ஒரு காலம் ஆண்டது. பார்வைக்கு இதுதான் ராஜா: புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் பித்தளை பளீரென்று வரும். பம்பின் தோல் வாஷர் காய்ந்திருந்தால் எண்ணெயில் ஊறவைத்தால் விரியும், எண்ணெய் ஆவி பீறும் நிப்பிளில் கரி அடைத்திருந்தால் அதை மாற்றலாம். மெசினில் வாரக்கணக்கில் போகிற வேலை இதில் ஒரு பின்னேரத்தில் முடியும்.

ஆனால் இது அழுத்தத்தில் எரிகிற சாமான். தாங்கியில் வெடிப்போ பழைய ஈயப் பற்றோ தெரிந்தால் அலுமாரியில் அழகுக்கு வையுங்கள், பற்ற வைக்காதீர்கள். மண்ணெண்ணெய் இல்லையென்று பெற்றோல் ஊற்றும் வேலையும் வேண்டாம். பழைய மெண்டில்களில் (ஒளிரும் வலைப்பைகளில்) கதிர்வீச்சுள்ள தோரியம் இருக்கும், உதிர்ந்த வெள்ளைத் தூளை ஊதவோ மூச்சில் இழுக்கவோ கூடாது. செலவும் கொஞ்சமல்ல. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ஆனபோது, திருத்திய விளக்கைக் கொளுத்திப் பார்க்கவே மனம் வராது என்ற நிலை. மெசின் திருத்தினால் வீட்டுக்குத் திரைச்சீலையாவது வரும்.

மணிக்கூட்டை நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம் அதன் சுருள்வில். சாவி கொடுத்த நிலையில் தகட்டுத் திருகாணியைக் கழற்றினால் வில் விரலைக் கிழித்துக்கொண்டு வெளியே பாயும். வில்லை முறையாகத் தளர்த்தத் தனிக் கருவி வேண்டும். நுண்ணிய அச்சுகள், தேய்ந்த துளைகள் எல்லாம் அனுபவக்காரர் வேலை. கழற்றாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அது சுகமான வேலையும்கூட: டிக் என்பதற்கும் டொக் என்பதற்கும் இடைவெளி சமமாகக் கேட்கும்வரை பெட்டியைச் சுவரில் சற்றே இடம் வலமாகச் சரித்துப் பார்ப்பது. பிறகு, பிந்தி ஓடினால் ஊசலின் அடித்திருகை மேலே ஏற்றுங்கள், முந்தி ஓடினால் இறக்குங்கள். இதற்கு மேல் முதல் வருடத்தில் போகாதீர்கள்.

எதை எடுத்தாலும் திருகோணமலையில் உண்மையான எதிரி உப்புத்தான். கடற்காற்று கொண்டுவரும் உப்பு இரும்பின் மேல் படிந்து, காற்றில் ஈரம் ஏறியதும் தானாகவே நீர் இழுத்துக்கொள்ளும். துருவைச் சுரண்டி எடுத்தும் மறுவாரம் செம்மஞ்சளாகப் பூப்பது அதனால்தான். ஆகவே துரு எடுத்தபின் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். நிலாவெளிப் பக்கத்து உவர்க்கிணற்றுத் தண்ணீரில் கழுவினால் கழுவாததற்குச் சமம், கடைசி அலசலுக்குக் குடிதண்ணீர்ப் போத்தல் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். துடைத்து, வெயிலில் காயவைத்து, சூடு ஆறுமுன் எண்ணெய் பூசிவிட வேண்டும். தேசிக்காயோ வினாகிரியோ துருவைக் கரைக்கும், ஆனால் நாள்கணக்கில் ஊறவைத்தால் இரும்பையும் அரிக்கும். அடிக்கடி எடுத்துப் பார்த்து, போதும் என்றதும் கழுவுங்கள். பூவேலை இருக்கும் பக்கம் இந்தப் புளிப்புகளைக் கொண்டுபோகவே வேண்டாம்.

காலம் பார்த்துத் தொடங்குவதும் நல்லது. கச்சான் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை காய்ந்த காலம், கழற்றிய பாகம் மேசையில் கிடந்தாலும் தாங்கும். ஒக்டோபருக்குப் பின் மழையும் வாடையும் வந்துவிட்டால், திறந்து போட்ட மெசின் ஒரு கிழமையில் துருப்பிடிக்கத் தொடங்கும். மாரிக்குள் முடியாது என்று தெரிந்தால் பூட்டி, எண்ணெய் பூசி, துணியால் மூடி வைத்துவிடுங்கள். பொலித்தீனால் மட்டும் கட்டாதீர்கள், உள்ளே வியர்த்துவிடும்.