ஏஎஸ்ஐ 533 எம்எம் ப்ரோ: கண் கூர்மை, கடிகாரம் கொஞ்சம் மோசம்

நெபுலாப் படம் எடுப்பவர்கள் இசட்டபிள்யூஓ நிறுவனத்தின் இந்தக் கேமராவைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டார்கள். இங்கே கேள்வி வேறு. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீட்டு முற்றத்தில் நிற்கும் 200 மி.மீ. எஃப்/5 நியூட்டோனியன் தொலைநோக்கியில் இதை மாட்டினால், காந்த வெண்குள்ளன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய, காந்தப்புலம் கொண்ட விண்மீன்) உள்ள இரட்டை விண்மீன்களின் ஒளிமாற்றத்தை நம்பி அளக்கலாமா?

அளக்கலாம். நேரத்துக்கு மட்டும் நாமே வழி செய்துகொள்ள வேண்டும்.

முதலில் விண்மீன்களின் கதை, ஏனென்றால் கேமராவில் எதை எவ்வளவு வைப்பது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. இரட்டையில் மற்றதான துணைமீனிலிருந்து வழியும் வாயு நேரே வெண்குள்ளன்மேல் விழாது. சுற்றிச் சுற்றி வட்டாகத் திரளும். வெண்குள்ளனின் காந்தப்புலம் சில பத்து லட்சம் காஸ் (காந்தப்புல அலகு) இருந்தால் வட்டின் உள்விளிம்பு அரிபட்டு, வாயு புலக்கோடுகளைப் பிடித்துக்கொண்டு காந்தத் துருவங்களில் இறங்கும். இவை இடைநிலைப் போலார்கள். புலம் கோடிக்கணக்கான காஸ் என்றால் வட்டு உருவாகவே இடமில்லை. வெண்குள்ளனின் சுழற்சியும் சுற்றுப்பாதைக் காலத்தோடு பூட்டிக்கொள்ளும். அது முழுப் போலார். இரண்டிலும் வாயு நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் விழுந்து, பரப்புக்குச் சற்று மேலே அதிர்ச்சி அலையில் சூடாகி எக்ஸ் கதிரை உமிழும். அந்தச் சூடான பொட்டு சுழற்சியில் முன்னால் வருவதும் மறைவதும்தான் நம் வரைபடத்தில் மேடும் பள்ளமுமாகத் தெரிகிறது. ஆகவே எக்ஸ்போஷருக்கு விதி ஒன்றுதான்: தேடும் காலத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

இனி கேமரா. ஐஎம்எக்ஸ் 533 மோனோ சென்சார், 3008-க்கு 3008, பிக்சல் 3.76 மைக்ரான். 1000 மி.மீ. குவியத்தில் பிக்சலுக்கு 0.78 வில்நொடி, பார்வைப் புலம் 39 வில்நிமிடம். பக்கத்தில் வைத்து ஒப்பிட ஒளி மாறாத ஒப்பீட்டு விண்மீனுக்குப் பஞ்சமில்லை. மூலையில் ஆம்ப் க்ளோ எனும், சென்சாரின் மின்சுற்றால் வரும் போலி வெளிச்சம் கிடையாது. விண்மீன் ஒளியை அளக்கும் ஒளிமானத்துக்கு இது பெரிய நிம்மதி. கலர் மாடல் வேண்டாம். பிக்சல்மேல் உட்கார்ந்திருக்கும் வண்ண வடிகட்டி, ஏற்கெனவே மங்கலான விண்மீனின் ஒளியில் பெரும்பங்கைத் தின்றுவிடும்.

கெயின் (சிக்னல் பெருக்க அமைப்பு) 100 வையுங்கள். அங்கேதான் சென்சாரைப் படிக்கும்போது சேரும் வாசிப்பு இரைச்சல் சட்டென்று இறங்குகிறது. அதற்கு விலை உண்டு: பிக்சல் சுமார் 16,000 எலக்ட்ரானில் நிரம்பிவிடும். மென்பொருள் 14 பிட் எண்ணை நான்கால் பெருக்கி 65,000 வரை காட்டுவதால் இன்னும் இடமிருப்பதுபோல் மயக்கும். திரையில் ஒப்பீட்டு விண்மீனின் உச்சம் 40,000-க்குள் நிற்கட்டும்.

முழுப்படம் ஒன்று 18 எம்பி. 10 நொடிக்கு ஒன்றாக நாலு மணி நேரம் எடுத்தால் 26 ஜிபி ஆகிவிடும். 1024-க்கு 1024 என்று வெட்டினால் 3 ஜிபி போதும். ஒப்பீட்டு விண்மீன் அந்த 13 வில்நிமிடத்துக்குள் விழுகிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

குறை நேரத்தில்தான். இந்தக் கேமராவில் ஜிபிஎஸ் இல்லை. படத்தில் பதிவாகும் நேரம் கணினி சொல்லும் நேரம். விண்டோஸ் கடிகாரத்தை அப்படியே விட்டால் நொடிக்கணக்கில் நழுவும். இணையம் வழியே நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். மின்சாரம் போய் ரூட்டர் அணைந்தால் அதுவும் போச்சு. நொடிக்கு ஒரு துல்லியமான மின்துடிப்பு தரும் பிபிஎஸ் வெளியீடு உள்ள ஜிபிஎஸ் பெறுவியைக் கணினியில் சேர்ப்பதே உருப்படியான வழி. துணைமீன் முன்னால் வந்து மறைக்கும் மறைப்பில் பொட்டு சில நொடிக்குள் அணையும் யூஇசட் ஃபோர்னாசிஸ் போன்ற போலார்களுக்கு ஜிபிஎஸ் உள்ளேயே இருக்கும் க்யூஎச்ஒய் 174 ஜிபிஎஸ் கேமராதான் பொருத்தம். ஆனால் யூஇசட் ஃபோர்னாசிஸ் 200 மி.மீ. கண்ணாடிக்கு எட்டாத மங்கல் விண்மீன், அதனால் இங்கே அந்த வாதமே வேண்டாம்.

எட்டுபவை எவை? இஎக்ஸ் ஹைட்ரே என்ற இடைநிலைப் போலார் டர்பனின் உச்சிக்கு அரை பாகை தள்ளிக் கடக்கும்; பிரகாச எண் (மேக்னிட்யூட்) 13 சொச்சம், 20 நொடி போதும். சுற்றுப்பாதை 98.26 நிமிடம், சுழற்சி 67.03 நிமிடம். மூன்று சுழற்சி 201 நிமிடம், இரண்டு சுற்று 196.5 நிமிடம் என்பதால் ஒரே இரவில் இரண்டும் ஒன்றோடொன்று குழம்பும். பல இரவு தொடர்ந்து எடுத்தால்தான் சுழற்சி மேடு மறைப்பை விட்டு நகர்வது தெரியும். உச்சியில், தொலைநோக்கியைத் தாங்கும் மவுண்ட் மறுபக்கம் திரும்பும் கணத்தில் விண்மீன் சென்சாரின் எதிர்மூலைக்குப் போய்விடும். ஃப்ளாட் (சீரான ஒளியில் எடுக்கும் திருத்தப் படம்) சரியில்லையென்றால் அந்த இடத்தில் ஒரு படி விழும். அதை விண்மீனின் தலையில் கட்டாதீர்கள்.

ஆடியில், அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் குளிர்காலத்தில், ஏஆர் ஸ்கார்ப்பி. பல ஆண்டுகள் சாதாரணத் துடிப்பு விண்மீன் என்று பட்டியலில் கிடந்தது. அமெச்சூர்கள் கவனித்ததில் சந்தேகம் எழுந்து, 2016-இல் அது வேறு என்று தெரிந்தது. மறு ஆண்டே தென்னாப்பிரிக்க வானாய்வகத்தின் சதர்லாந்து மையத்தில் உள்ள 1.9 மீட்டர் தொலைநோக்கியில் எடுத்த அளவீட்டில் அதன் ஒளி 40 விழுக்காடு வரை முனைவாக்கம் (ஒளியலை ஒரே தளத்தில் அதிர்வது) கொண்டது என்று கண்டார்கள். இங்கே பொருள் திரள்வதாகவே தெரியவில்லை. வெண்குள்ளனின் சுழல் ஆற்றலே ஒளியாகிறது. துடிப்பு 118 நொடிக்கு ஒன்று, அரை நிமிடத்துக்குள் நான்கு மடங்குவரை ஏறும். 10 நொடி, வடிகட்டி இல்லாமல். நகர வெளிச்சத்திலும் துடிப்பு பளிச்சென்று தெரியும். பூமி சூரியனைச் சுற்றுவதால் ஒளி வந்துசேரும் நேரம் முன்பின் ஆகும்; அந்த நேரத்தைச் சூரியக் குடும்ப நிறைமையத்துக்கு மாற்ற மறந்தால் 8 நிமிடம் வரை பிழை, அதாவது நான்கு துடிப்பு. ஆஸ்ட்ரோஇமேஜ்ஜே மென்பொருள் இதைத் தானே செய்துவிடும்.

குளிரூட்டி சுற்றுவெப்பத்துக்கு 35 பாகை கீழே இறக்கும். குளிர்காலத்தில் மைனஸ் 10 எளிது. டிசம்பரில் 0 போதும்; பேராசைப்பட்டால் குளிரூட்டி நூறு சதவீதத்தில் திணறும், வெப்பம் ஒரே நிலையில் நிற்காது. 12 வோல்ட், 3 ஆம்ப் கேட்கும். ஐந்து மணி நேரத்துக்கு 20 ஆம்ப்-மணி லித்தியம் பேட்டரி கட்டும். வடகடற்கரையில் கரும்புக் காடு எரிக்கும் இரவுகளில் கரி மிதந்து வரும், அன்றைக்குக் கண்ணாடியை மூடி வைப்பதே மேல்.