உப்புக் காற்று மேல் பழியைப் போட்டு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிக்கொண்ட கடை

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் வீடியோ எடிட்டிங், ஆல்பம் டிசைன் என்று பிழைக்கிறவர்கள் கம்ப்யூட்டரை ரிப்பேருக்கு ராமநாதபுரம் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை.

என் சிஸ்டம் ஐ7-12700 பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, பெயர் சொல்லும் கம்பெனியின் 650 வாட் எஸ்எம்பிஎஸ் (உள்ளே எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கிற பெட்டி), கரண்ட் போனால் பேட்டரியில் தாங்குகிற 600 விஏ யுபிஎஸ். எல்லாமே 2022-ல் அந்தக் கடையில் வாங்கியதுதான். யுபிஎஸ் அவர்களாகவே எடுத்துக் கொடுத்தது. "இது தாராளம் தம்பி" என்றார் கடைக்காரர்.

எச்டி வேலை ஓடிய காலம் வரை சரியாகத்தான் இருந்தது. 4கே கேமரா வந்த பிறகுதான் தொல்லை. டைம்லைனில் வெட்டி ஒட்டும்வரை ஒன்றும் ஆகாது. எக்ஸ்போர்ட் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் யுபிஎஸ் கீச்சென்று கத்தும், எல்லாம் சேர்ந்து அணைந்துபோகும். பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகுதான் இப்படி. மே மாதக் கல்யாண வேலைகள் குவிந்து கிடக்கின்றன. பெண் வீட்டுக்காரர் போன் போட்டு, "அண்ணே, சிங்கப்பூர்ல இருந்து மாமா கேட்டுக்கிட்டே இருக்காரு" என்கிறார். நான் என்ன சொல்வேன்?

கடையில் சிஸ்டத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "பாம்பன்தானே? உப்புக் காத்து. மதர்போர்டு ஷார்ட் ஆகி கரண்டை இழுக்குது, அதான் யுபிஎஸ் ட்ரிப் ஆகுது" என்றார்கள். எங்கள் ஊர்க்காரனிடம் உப்புக் காற்று என்று சொன்னால் வேறு சாட்சியே வேண்டாம். சைக்கிள் செயினிலிருந்து ஜன்னல் கம்பி வரை அரிப்பதை அன்றாடம் பார்க்கிறவன் தலையாட்டிவிடுவான்.

முதலில் ரேம் அரித்துவிட்டது என்று 5,200 ரூபாய். அணைவது நிற்கவில்லை. அடுத்தது எஸ்எம்பிஎஸ் போய்விட்டது, புதுசு 650 வாட் போட்டிருக்கிறோம் என்று 5,800 ரூபாய். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் 'சர்வீஸ், ஸ்பேர்' என்று எழுதிக் கொடுத்தார்கள். பழையதைக் கேட்டால் ஸ்கிராப்பில் போட்டாச்சாம். கேபினெட்டைத் தூக்கும்போதே எடை குறைந்த மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். இப்போது பகலிலும் அணைகிறது. ஆனால் ஒரு வித்தியாசம். யுபிஎஸ் கத்தவில்லை, அதன் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது, சிஸ்டம் மட்டும் அணைந்து தானாகத் திரும்ப எழுகிறது. இதையும் போனில் சொன்னேன். "அப்ப போர்டுதான் தம்பி, கொண்டாங்க, 14,000 ஆகும்" என்றார்கள். அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

மதுரையில் சர்வர் வேலை பார்க்கும் மாமா மகனைக் கூப்பிட்டேன். விண்டோஸ் நடந்த கோளாறுகளைக் குறித்து வைக்கிற ஈவென்ட் வியூவரைத் திறக்கச் சொன்னான். அணைந்த ஒவ்வொரு தடவைக்கும் 'கெர்னல் பவர் 41' என்று ஒரு வரி, உள்ளே பக்செக் கோடு (விண்டோஸ் பிழையில் நின்று நீலத்திரை காட்டினால் அதன் எண்) 0. விண்டோஸ் ஒழுங்காக மூடப்படாமல் திரும்ப எழுந்திருக்கிறது என்பதுதான் 41-க்கு அர்த்தம். நீலத்திரை வந்திருந்தால் கோடில் வேறு எண் நிற்கும். பூஜ்யம் என்றால் நீலத்திரை எழுதக்கூட நேரமில்லாமல் போயிருக்கிறது. ரேம் கெட்டிருந்தால் பெரும்பாலும் நீலத்திரை வரும், புரோகிராம் மூடிக்கொள்ளும், பைல் கெடும். இப்படி ஸ்விட்சைத் தட்டிய மாதிரி அணைந்தால் முதலில் பார்க்க வேண்டியது மின்சாரத்தையும் சூட்டையும்தான். சூடு 80 டிகிரியைத் தாண்டவில்லை. பிராசஸருக்கு மட்டும் முழு லோடு கொடுத்தால் தாங்குகிறது, கிராபிக்ஸ் கார்டுக்கு மட்டும் கொடுத்தாலும் தாங்குகிறது. இரண்டுக்கும் சேர்த்துக் கொடுத்தால் அந்த நிமிடமே அணைகிறது.

பக்கத்து மூடியைக் கழற்றினோம். பழைய எஸ்எம்பிஎஸ் இருந்த இடத்தில் பெயர் தெரியாத ஒரு தகர டப்பா. மேலே பெரிய எழுத்தில் 650 வாட். கீழே பொடி எழுத்து அட்டவணையில் 12 வோல்ட் லைனுக்கு 18 ஆம்பியர். 12-ஐ 18-ஆல் பெருக்கினால் 216 வாட். என் பிராசஸர் முழு வேகத்தில் 180 வாட் வரை இழுக்கும், கிராபிக்ஸ் கார்டு 170. இரண்டும் அந்த 12 வோல்ட் லைனில்தான் தொங்குகின்றன. உண்மையான 650 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த இடத்தில் 54 ஆம்பியர் போல இருக்கும். உங்கள் சிஸ்டத்திலும் மேலே இருக்கிற பெரிய எழுத்தை விட்டுவிட்டு இந்த ஒரு கட்டத்தைப் பாருங்கள்.

அப்போ முதலில் வந்த கோளாறு? அது அந்தத் 'தாராளமான' யுபிஎஸ். பின்பக்கம் 600 விஏ / 360 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. முழு லோடில் சிஸ்டமும் மானிட்டரும் சேர்ந்து 400 வாட்டைத் தாண்டும். சாயங்காலம் எங்கள் தெருவில் வோல்டேஜ் தள்ளாடும்போது யுபிஎஸ் பேட்டரிக்குத் தாவுகிறது, பேட்டரியால் தாங்க முடியாமல் படுத்துவிடுகிறது. யுபிஎஸ் கத்துகிறது என்று முதல் நாளே சொன்னேன். அதன் பின்பக்கத்தைப் படிக்க எத்தனை நேரம் ஆகும்?

உப்புக் காற்று சும்மா என்று சொல்லவில்லை. கேபினெட் திருகுகளில் துரு இருக்கிறது, பின்னால் யுஎஸ்பி துளைகளின் விளிம்பு கறுத்திருக்கிறது. அந்த அரிப்பால் பென்டிரைவ் எடுக்காமல் போகும், சில நாள் டிஸ்ப்ளே வராமல் அடம்பிடிக்கும். ஆனால் எக்ஸ்போர்ட் பட்டனை அமுக்கும்வரை காத்திருந்து அணைக்கிற உப்பு எந்தக் கடலிலும் கிடையாது. 'அரித்துவிட்டது' என்று கழற்றிக் கொடுத்த ரேமின் தங்கப் பற்கள் இன்னும் பளபளவென்றுதான் இருக்கின்றன. இப்போது அதுவும் சேர்ந்து ஓடுகிறது.

நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றும் 1,100 விஏ யுபிஎஸ் ஒன்றும் வேறு இடத்தில் வாங்கிப் போட்டேன். இரவு முழுக்க ரெண்டர் ஓடுகிறது. போர்டு அதே பழைய போர்டுதான்.

சிஸ்டத்தை எங்கே கொடுப்பதாக இருந்தாலும் கடை வாசலிலேயே மூடியைத் திறந்து எஸ்எம்பிஎஸ், ரேம், கிராபிக்ஸ் கார்டு எல்லாவற்றின் சீரியல் நம்பரும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அவர்கள் பார்க்கவே எடுங்கள். மாற்றிய பாகத்தின் மாடலும் சீரியலும் இல்லாத சீட்டை வாங்காதீர்கள். பழைய பாகம் உங்களுடையது, அதைக் கையோடு கேளுங்கள். என் 2022 பில்லில் எஸ்எம்பிஎஸ் சீரியல் நம்பர் இருந்ததால்தான் பேச வாயே கிடைத்தது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். அப்புறம் கடையிலிருந்து அவர்களே போன் செய்து 5,800-ஐத் திருப்பிக் கொடுத்தார்கள். ரேம் பணமும் பழைய எஸ்எம்பிஎஸ்ஸும் வரவில்லை, "குடோன்ல தேடிப் பாக்குறோம் தம்பி" என்கிறார்கள். கிடைக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. இதே மாதிரி அந்தப் பக்கம் யாருக்காவது நடந்திருந்தால் பில்லோடு எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள்.